எழிலனுக்கு ஒதுக்கிய கொக்கி

மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தின் மின்விசிறி, ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்த அலைபேசியின் திரை முழுக்க அதுதான், ஆவுடையப்பன் ஏணியின் மேல்படியில் நின்று அதைப் பார்க்கிறான், பேசிக்கொண்டிருந்த காந்திமதி குக்கர் சத்தம் கேட்டதும் போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள், இந்த மஞ்சள் எப்படியிருக்கு, எழிலன் ரூமுக்கு, என்று திரைச்சீலையை விரித்து அவன் விசிறியிடம் காட்டுகிறான், அடுப்படிப் பக்கமிருந்து நல்லாருக்கு என்று அவள் குரல் வருகிறது, பாக்காமலே சொல்லுதியே என்கிறான், பாத்துட்டுத்தான் போனேன் என்கிறாள், விசிறி இறக்கை ஒன்றின் ஓரத்தில் தூசி கறுப்பாய்ப் படிந்திருக்கிறது, துடைக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறான், பிறகு அவள் வந்து போனைக் கையில் எடுத்தபோது மறக்காமல் சொல்லவும் சொன்னான், அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள், சரி என்றாள். கோடையில் அவன் இருக்கும் இந்தக் கோத்தன்பர்க்கில் இரவு இருட்டுவதில்லை, பத்து மணிக்கும் வானம் பாலில் நீர் கலந்தாற்போல வெளுத்துக் கிடக்கும், பிள்ளை எப்படித் தூங்குவான் என்று அவன் இரண்டு அடுக்குத் துணி வாங்கியிருந்தான், உள்ளடுக்கு கறுப்பு, வெளியடுக்கு மஞ்சள், கம்பியை மாட்டி, மட்டம் பார்த்து, ஒரு நூல் சரிவு தெரிய மறுபடி கழற்றி மாட்டி, இறங்கி வந்து கதவருகே நின்று பார்த்தான், அறை அழகாக இருந்தது, யாரும் இன்னும் படுக்காத கட்டிலும் யாரும் இன்னும் கிறுக்காத சுவருமாக.

வடகோடிக் குளிர்தேசத்துக் கோத்தன்பர்க்குக்கு அவன் வந்தது இலைகள் உதிர்ந்து முடிந்த மாதத்தில். வண்டி எஞ்சினின் அதிர்வைக் கணக்கிடும் வேலை, சென்னைக் கம்பெனிக்காகப் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே செய்ததேதான், சம்பளமும் நாடும் வேறு. முதலில் நான் போய் எல்லாத்தையும் தயார் பண்ணிடுதேன், பெறகு நீயும் பிள்ளையும் வந்தாப் போதும், என்று திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறும்போது சொல்லியிருந்தான், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் முதல் குளிர்காலத்தைக் கடந்தான் என்று சொல்லவேண்டும். காலையில் இருட்டில் டிராம் ஏறுவான், மதியம் மூன்றரைக்கெல்லாம் அலுவலக ஜன்னலில் வெளிச்சம் வடிந்துவிடும், திரும்பும்போதும் இருட்டு, பகல் என்பது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கையில் கண்ணாடிக்கு வெளியே யாரோ கடந்துபோனது போல ஒன்று. வெளியே கிளம்ப வீட்டுக் கதவைத் திறக்கப் போகையில் எதிர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் காலடி கேட்கும், பின் நின்றுபோகும், அவன் படியிறங்கிக் கீழ்வாசலைத் தாண்டும்வரை அந்த மனிதர் உள்ளேயே காத்திருக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின, வெறுப்பில்லை, தொந்தரவு தரக்கூடாது என்கிற மரியாதையாம், உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள், அவனும் போகப்போகக் கதவுக்குப் பின் நின்று காது கொடுத்து, எதிர் வீட்டார் போன பிறகு வெளியே வரப் பழகிக்கொண்டான். துணி துவைக்க அடித்தளத்தில் பொது அறை, மணிவாரியாகத் துளையிட்ட பலகையில் தன் பூட்டைச் செருகித் தன் முறைக்கு நேரம் பிடிக்கவேண்டும், குப்பையை ஏழெட்டு வகையாகப் பிரிக்கவேண்டும், பால் வந்த அட்டைப்பெட்டியைக் கழுவி மடித்துப் போடவேண்டும், இதெல்லாம் மற்றவர்களுக்குச் சலிப்பு, அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம், எதற்கும் ஓர் இடம், ஒரு முறை, நம்மூரில் இப்படி இருந்தால் என்ன என்று எத்தனை நாள் நினைத்திருப்பான், பாளையங்கோட்டையில் காந்திமதி கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அவன்தானே திரும்ப அடுக்குவான், அவள் படித்துப் போட்ட செய்தித்தாளை மடிப்புக் குலையாமல் அவன்தானே மடிப்பான், ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை, அவள் கண்ணெதிரே, அமைதியாக, திரும்ப அடுக்குவான்.

சித்திரையில் வருவதாக இருந்தார்கள். காந்திமதிக்கு உதவிபெறும் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் ஆசிரியை வேலை, நீண்ட விடுப்புக்கு மேலே இருந்து அனுமதி வரவில்லை, ஆகவே பரீட்சை முடியட்டும் என்றாள். பரீட்சை முடிந்தது, அவள் அம்மாவுக்குக் கண்ணில் புரை அறுவை, கட்டுப் பிரிக்கிற வரைக்குமாவது இருக்கணும்லா என்றாள். கட்டுப் பிரித்தார்கள், எழிலனுடைய பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, அதைத் திருத்தக் கொடுத்தார்கள். எல்லாம் உண்மையான காரணங்கள், ஒன்றில்கூடப் பொய்யில்லை, அதனால்தான் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒவ்வொரு தள்ளிப்போடலுக்கும் அவன் வீட்டில் ஒரு பொருள் சேர்ந்தது, கட்டில், சாப்பாட்டு மேசை, அவள் உயரத்துக்குத் தாழ்த்தி மாட்டிய அலமாரி, இங்கே எல்லார் வீட்டு ஜன்னலிலும் எரிகிறதைப் போல ஒரு சிறு விளக்கு, பிள்ளைக்குத் தலை முதல் கால்வரை மூடுகிற நீல நிற மழைச்சட்டை, அதன் அளவுக்காகப் போனில் காந்திமதியிடம் எழிலனைக் கதவுநிலையில் சாத்தி நிற்கவைத்துக் கோடு போடச் சொல்லி, அவன் குதிகாலைத் தூக்கிவிட்டான் மறுபடி போடு என்று சொல்லி, வளர்கிற பிள்ளை என்று ஓர் அளவு கூட்டி வாங்கியது. சனிக்கிழமைகளில் ஆற்றைக் கடக்கும் படகில் போய் நவரத்தினத்தின் கடையில் சாமான் வாங்குவான், யாழ்ப்பாணத்துக்காரர், இங்கு வந்து தலை நரைத்தவர், இவனைக் கண்டதும், தம்பி, உங்களுக்கெண்டு கருவேப்பிலை எடுத்து வைச்சனான், மனுசியும் பிள்ளையும் எப்ப வருகினம், என்பார், அடுத்த மாசம் அண்ணாச்சி என்பான், அவர் தலையாட்டுவார், அடுத்த மாதமும் கேட்பார், அடுத்த மாசம் என்பான், ஆனி பிறந்த பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார், கருவேப்பிலையை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தார், அவர் கேட்கவில்லை என்பதைப் படகில் திரும்பும்போதுதான் கவனித்தான், ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது, மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது, எழிலனுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆவணியில் ஆரம்பம், முதல் வாரம் பெற்றோரும் கூட வந்து வகுப்பில் உட்காரலாம், மழைத்துணியும் ரப்பர் பூட்ஸும் கொண்டுவரவேண்டும். அதைப் படித்துக் காட்டத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டான், கையோடு சமையலறையையும் காட்டினான், அன்றுதான் அதை முடித்திருந்தான், ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, பாரு, இது கடுகு, இது சீரகம், தமிழ்லேயே எழுதி ஒட்டியிருக்கேன், அடியில கனமான பாத்திரம், தோசைக்கல் வலது கைப்பக்கம், நீ எடுத்தா எடுத்த எடத்துலயே வச்சிட்டாப் போதும், தேடவே வேண்டாம், நீ கையை வீசிக்கிட்டு உள்ள வா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிட்டேன், என்றான், சொல்லச்சொல்ல அவனுக்கே நெஞ்சு நிறைந்தது, திரையைப் பார்த்தான், இன்றைக்கு அவள் போனைக் கீழே வைக்கவில்லை, முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள், முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

என்னங்க, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது, என்றாள். நான் எப்ப கோவப்பட்டிருக்கேன் என்றான். கோவப்படல, ஒருநாளும் கோவப்பட்டதில்ல, கோவப்பட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்லா, என்றாள், பிறகு, நாங்க வரலங்க, என்றாள். இந்த மாசமா, என்று கேட்டான், கேட்கும்போதே அது மாதத்தைப் பற்றியதல்ல என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் தலையசைத்தாள். பள்ளிக்கூடத்துல விடுப்பு தரலியா, அம்மாவுக்குக் கண்ணு திரும்பவும், என்று அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான், அவள் ஒவ்வொன்றுக்கும் அதில்ல, அதில்ல, என்றாள், அப்புறம் என்னதான், என்றபோது, நீங்க போன பெறகுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வருதுங்க, என்றாள், சத்தமில்லாமல், ஏதோ மருந்தின் பெயரைச் சொல்வதைப் போல. நீங்க கெட்டவுக இல்ல, ஊர்ல யார்கிட்டயும் உங்களப் பத்தி ஒரு குத்தம் சொல்ல முடியாது, நான் சொன்னா சிரிப்பாங்க, பாத்திரத்தை அடுக்குதாரு, அது ஒரு குத்தமான்னு கேப்பாங்க, எனக்கே அப்படித்தான் இருந்திச்சு, நீங்க ரயில் ஏறின அன்னைக்கு அழுதேன், நெசமாத்தான் அழுதேன், மறுநா காலைல எந்திச்சு டம்ளரைக் கழுவி அப்படியே கவுத்து வச்சேன், சாயந்தரம் வந்து பாத்தா அது வச்ச இடத்துலேயே இருந்திச்சு, அதைப் பாத்துக்கிட்டே நின்னேன், ரொம்ப நேரம் நின்னேன். ஆவுடையப்பன், ஒரு டம்ளருக்கா, என்றான். ஆமாங்க, என்றாள்.

எழிலன், என்றான் அவன். எழிலன் கேக்கத்தான் செய்யுதான், அப்பா எப்ப வருவாங்கன்னு கேக்கான், உங்ககிட்ட இருந்து அவனைப் பிரிக்கணும்னு எனக்கு இல்ல, ஆனா முன்னால பாலைக் கொட்டிட்டா அவன் வாசலைப் பாப்பான், நீங்க நிக்கீங்களான்னு, இப்பக் கொட்டுனா என்னையப் பாத்துச் சிரிக்கான், என்றாள். அந்த வீட்டுத் தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது, இந்த வீட்டில் குளிர்பெட்டி நின்று மறுபடி ஓடத் தொடங்கியது, திறந்து கிடந்த இழுப்பறைகளை அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சாத்தினான், பேசிக்கொண்டிருக்கும்போதே சாத்துகிறோமே என்று தோன்றிய கணத்தில் கையை எடுத்தான், கடைசி இழுப்பறை பாதி திறந்தபடி நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எப்படிப் போயின என்று அவனால் கோவையாகச் சொல்ல முடியாது, வேலைக்குப் போனான், பிற்பகல் காப்பி இடைவேளையில் மற்றவர்களோடு நின்று காப்பி குடித்தான், குடும்பம் எப்போது வருகிறது என்று ஒருத்தி கேட்டாள், விரைவில் என்றான், சொன்ன பிறகு அது பொய் என்பது நினைவுக்கு வந்தது, டிராமில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப்போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பெயர் தெரியாத ஒரு கல்மேட்டின் அருகில் நின்றான், தூறல் விழுந்துகொண்டிருந்தது, இங்கே மழை நம்மூரைப் போல அடித்துப் பெய்து ஓய்வதில்லை, ஈரத்துணியை முகத்துக்கு அருகில் பிடித்தாற்போல நாள்முழுக்க இருந்துகொண்டே இருக்கும், அந்தத் தூறலில் காந்திமதி பாளையங்கோட்டைக் கூடத்தில் நிற்கிறாள், கையில் செய்தித்தாள், அவனைக் கண்டதும் மடிக்கிறாள், சரியாகத்தான் மடிக்கிறாள், அவன் கையை நீட்டி வாங்குகிறான், ஏன் வாங்கினேன், அது சரியாகத்தானே மடிந்திருந்தது, என்று கல்மேட்டிடம் கேட்டான், வாய்விட்டே கேட்டுவிட்டான் போலும், நாயோடு போன ஒரு கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதவரைப் போல நடந்துபோனார்.

பள்ளிக்கூடத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்திருக்கலாம். எழுதவும் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான், எங்கள் மகன் வர இயலாத சூழ்நிலை, என்றெழுதி, சூழ்நிலை என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளி தொடங்கிய முதல் நாள் காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரிலேயே போனான், போகும்போது மழைச்சட்டையும் பூட்ஸும் கிடந்த பையையும் எடுத்துக்கொண்டான், கடிதத்தில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், சொன்னதைக் கொண்டுபோவதுதான் அவன் பழக்கம். செங்கல் கட்டடம், உள்ளே நீண்ட தாழ்வாரம், சுவர் நெடுகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழந்தையின் பெயரும் புகைப்படமும், அவற்றில் ஒரு கொக்கியின் மேல் பெயர் மட்டும் இருந்தது, பச்சை எழுத்தில், எழிலன், புகைப்படத்துக்கு விட்டிருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அவன் பையைத் திறந்து மழைச்சட்டையை அந்தக் கொக்கியில் மாட்டினான், கைகளை நேராக இழுத்துவிட்டான், பூட்ஸைக் கீழே வைத்தான், வைத்த பிறகுதான் வகுப்பறைக்குள் போனான்.

ஆசிரியை கரின் எழுந்து வந்து கை கொடுத்தாள், முப்பது வயதிருக்கும், ஆங்கிலத்தில் பேசினாள், பெயரின் நடுவில் வரும் எழுத்துக்கு நாங்கள் எல்லாரும் பயிற்சி எடுத்திருக்கிறோம், சரியாக வருகிறதா பாருங்கள், என்று திரும்பிக் கையை உயர்த்தினாள், வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒரே குரலில் அவன் மகனின் பெயரைச் சொன்னார்கள், ழகரம் வழுக்கி ரகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவே எங்கோ விழுந்தது, ஆனால் சொன்னார்கள், அந்த ஊரில் அந்தப் பெயரைத் தன் வாயைத் தவிர வேறு வாய்களில் அவன் கேட்டது அதுதான் முதல்முறை. நன்றாக இருக்கிறது, என்றான். பிறகு கரினிடம், அவள் காதில் மட்டும் விழும்படி, மகன் வரப்போவதில்லை என்று சொன்னான். அவள் ஏன் என்று கேட்கவில்லை, அவன் முழங்கையை ஒரு கணம் தொட்டாள், மாட்டியதை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம், என்றாள், இருக்கட்டும், யாராவது பிள்ளை மறந்துவிட்டு வந்தால் போட்டுக்கொள்ளட்டும், என்றான், எப்போதும் யாராவது மறப்பார்கள், என்றாள் அவள்.

பழம் சாப்பிடும் நேரம், உட்காருங்கள், என்று ஒரு சின்ன நாற்காலியைக் காட்டினாள், மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்தான், முழங்கால் மார்பை இடித்தது. பக்கத்திலிருந்த பெண்குழந்தை, தூவா என்று சட்டையில் பெயர் எழுதியிருந்தது, பேரிக்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவள் மொழியில், எழிலன் எங்கே, என்று கேட்டாள். மாலை வகுப்பில் கற்ற மொழியில் அவனிடம் சின்னச்சின்ன வாக்கியங்கள்தாம் இருந்தன. அவன் வரவில்லை, என்றான். தமிழில் வரவில்லை என்பது வேறு, வரமாட்டான் என்பது வேறு, அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான், தூவா அதை இன்றைக்கென்று எடுத்துக்கொண்டாள், நாளைக்கு, என்று கேட்டாள். நாளைக்கும் வரவில்லை, என்றான். அவள் கொஞ்ச நேரம் மென்றாள், காய்ச்சலா, என்று கேட்டாள். இல்லை, என்றான், அவன் அம்மாவோடு இருக்கிறான். அவ்வளவுதானா என்பதுபோலத் தலையை ஆட்டினாள், அது அவளுக்குப் போதுமான காரணமாக இருந்தது, அம்மாவோடு இருக்கிறவனுக்கு வேறென்ன விளக்கம் வேண்டும், தட்டிலிருந்த கடைசிப் பேரிக்காய்த் துண்டை அவன் பக்கம் தள்ளிவிட்டுப் பக்கத்துப் பையனிடம் பேசப் போய்விட்டாள், அவன் அதை எடுத்துத் தின்றான்.

அந்த வருஷம் தைப்பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போவான், மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளையைப் போலச் சொந்த வீட்டில் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பான், எழிலன் முதல் நாள் அவன் மடியில் ஏற யோசிப்பான், அப்புறம் இறங்கவே மாட்டான், கிளம்புகிற அன்று காந்திமதி ஜங்ஷன்வரை வருவாள், அடுத்த வருஷம் பாக்கலாங்க என்பாள், அது எதைப் பற்றி என்று அவளும் சொல்லமாட்டாள், அவனும் கேட்கமாட்டான், வேலை ஒப்பந்தம் முடியும்வரை இந்த ஊரிலேயே இருப்பான், அதற்குப் பிறகும் இருப்பான். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காலை பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அவன் வேலிக்கருகில் நின்று காந்திமதியைக் கூப்பிட்டான், அங்கே மதியம், சாப்பாட்டு இடைவேளை, பின்னால் மாணவிகளின் இரைச்சல் கேட்டது, சொல்லுங்க, என்றாள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் பேசுகிறார்கள், அவன் வாதாடப்போகிறான் என்று அவள் ஆயத்தமாக இருப்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது, காரணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அவன் அடுக்கிவைத்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும், வைத்தும் இருந்தான், டிராமில் வரும்போது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தித்தான் வந்திருந்தான், பிள்ளையின் படிப்பு, காற்று, எதிர்காலம், தகப்பன். நேத்து தூங்குனியா, என்று கேட்டான்.

இரைச்சல் குறைந்தது, வகுப்பைவிட்டு எங்கோ ஒதுங்கி நடந்திருப்பாள், ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இல்லங்க, என்றாள், உங்ககிட்டச் சொன்னதுலேருந்து தூக்கமே இல்ல. தூக்கம் வராதவர்களுக்குச் சொல்ல அவனிடம் நிறைய இருந்தது, சுடுபால், ஜாதிக்காய்ப் பொடி, படுக்கும் முன் வெந்நீரில் கால் வைப்பது, தலைமாட்டைத் தெற்கே மாற்றுவது, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அவன் ஒன்றையும் சொல்லவில்லை. தூறல் வலுத்தது, அவன் ஒதுங்கவில்லை, அவளும் போனை வைக்கவில்லை, அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது, அவள் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்வரை இரண்டுபேரும் அப்படியே இருந்தார்கள்.